மீசைப் பூனை சொன்னதெல்லாம்

குஞ்சிதபாதம் டிபன் பாக்ஸைத் திறந்து ஜன்னல் விளிம்பில் கவிழ்த்த நேரம் பார்த்துத்தான் டைப்பிஸ்ட் சுஹைனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றார்.

காரைக்காலில் உள்ள அந்த அரசாங்க அலுவலகத்தில் அவர் சூப்பரின்டெண்ட். தன் எதிரே யாரும் காரணமில்லாமல் சிரிப்பது அவருக்குப் பிடிக்காது. காரணத்தோடு சிரித்தால் அதைவிடப் பிடிக்காது.

"மீசைப் பூனை சார். இன்ஸ்டாவுல செம ஃபேமஸ். நீங்க பாத்ததே இல்லையா?"

செல்போனை நீட்டினாள். சமையல் மேடையில் ஒரு வெள்ளைப் பூனை. மூக்குக்குக் கீழே கச்சிதமாகக் கறுப்பு மீசை. அது வாயைத் திறந்து கொட்டாவி விட, பின்னாலிருந்து ஒரு கீச்சுக்குரல் அதற்காகப் பேசியது.

"எங்க எசமானி விடியக்கால எழுந்திரிச்சு சமைச்சுக் குடுக்குறாங்க. எங்க எசமான் அதைக் காக்காய்க்குப் போட்டுட்டு, கடையில பிரியாணி சாப்புட்டு வர்றாரு. நம்பலையா? நான் அவரு கைய மோந்து பாத்தேன்ல!"

ஜன்னலில் காகங்கள் கத்தரிக்காய்ச் சாதத்தை ரசித்துத் தின்றுகொண்டிருந்தன. குஞ்சிதபாதம் காலி பாக்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வெள்ளை உடம்பு, கறுப்பு மீசை. சந்தேகமே இல்லை, அது அவர் வீட்டுத் துரைதான். கோவில்பத்து வீட்டில் அவரை ஏற இறங்கப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அதே துரை. அப்படியானால் அந்தக் கீச்சுக்குரல்? பத்தினி வடிவாம்பாளைத் தவிர வேறு யார்?

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது வடிவாம்பாள் தையல் மெஷினில் இருந்தாள். அந்தத் தெருவிலுள்ள அத்தனை ரவிக்கைகளும் அவள் கையால் தைத்தவை.

"வடிவு, ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். நீ குடுக்குற சாப்பாட்ட நான் ஒரு நாளும் காக்காய்க்குப் போட்டதில்ல."

மெஷின் நின்றது.

"போட்டீங்கன்னு யாருங்க சொன்னா?"

"யாரோ சொல்லுவாங்க. பிரியாணிக் கடைப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்கிறதில்ல. அதையும் சொல்லிடுறேன்."

வடிவாம்பாள் அவரையே பார்த்தாள். துரையும் மேடையிலிருந்து பார்த்தது. இருவர் பார்வையும் ஒன்றுபோலவே இருந்தது.

மறுநாள் அவர் பையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு காக்காய்க்கு. அதுவும் பசியோட இருக்கும்ல."

அடுத்த வீடியோ வந்தது. "எங்க எசமானுக்கு வெள்ளிக்கிழமை ஆனா மீட்டிங். திரும்பி வந்து செருப்பக் கழட்டுனா கடல் மணலாக் கொட்டுது. சட்டைப்பையில சுண்டல் பொட்டலம். மணலை வச்சா மீட்டிங் போடுறாங்க?"

இந்த அவதூறை உடனே மறுப்பது நல்லது என்று குஞ்சிதபாதம் முடிவு செய்தார். நேராகச் சுஹைனாவின் மேஜைக்குப் போனார்.

"இந்தா பாரும்மா, எங்க வீட்டுப் பூனை சொல்றதையெல்லாம் நம்பாதே."

சுஹைனாவின் கண்கள் விரிந்தன. "அய்யோ சார்! இது உங்க வீட்டுப் பூனையா?"

அது வரைக்கும் அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத செய்தி அது. டீ வருவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டீ கொண்டுவந்தவருக்கும் தெரிந்திருந்தது. மேலதிகாரி சாதிக் பாட்சா கூப்பிட்டனுப்பினார்.

"வாங்க குஞ்சிதபாதம். வெள்ளிக்கிழமை தோறும் மீட்டிங்காமே? யாரு தலைமை?"

"சார், அது வந்து..."

"என்னையும் ஒரு தடவை கூப்பிடுங்க. சுண்டல்னா எனக்கும் பிடிக்கும்."

வீட்டில் நிலைமையைச் சீர்செய்ய அவர் இன்னும் கவனமாகப் பேசினார்.

"மீட்டிங் நடக்குறது உண்மை வடிவு. அங்க சுண்டல் குடுத்தா நான் என்ன பண்ண முடியும்?"

"எங்கங்க நடக்குது?"

"கடற்கரையில."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார். வடிவாம்பாள் ஊசியில் நூல் கோக்கப் போனாள். முதல் தடவையாக நூல் தவறிப்போனது.

பூனையை ஒழித்தால் பேச்சும் ஒழியும். ஆனால் துரையை வெளியே விட்டால் ஊரே சாபமிடும். அதனால் மீசையை மட்டும் ஒழிப்பது என்று அவர் தீர்மானித்தார். மீசையைச் சுற்றிலும் கறுப்பாக்கிவிட்டால் மீசை ஏது? தலைக்குப் பூசும் டையைக் கரைத்து, பிரஷ்ஷோடு துரையைக் குளியலறையில் மடக்கினார். அவர் தலைமுடி இயற்கையிலேயே கறுப்பு என்று நம்புகிற கடைசி ஆளும் அவரே. துரைக்கு அந்த நம்பிக்கையில் பங்கில்லை. கிண்ணத்தைத் தட்டிவிட்டு, அவர் தோளில் ஏறி, ஜன்னல் வழியே போனது.

பூனையின் மீசை அப்படியே இருந்தது. குஞ்சிதபாதத்தின் கன்னத்தில் புதிதாக ஒரு கறுப்புத் தீவு முளைத்தது. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் அது அசையவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு வந்த பொதுமக்கள், மனு கொடுப்பதற்கு முன்னால் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

"பூனை வீட்டு சார்தானே நீங்க?"

இத்தனைக்கும் மேலே அந்த வீடியோ வந்தது.

"அடுத்த வாரம் எங்க எசமானோட பெரிய ரகசியம் ஒண்ணு சொல்லப் போறேன். இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சும்மா. எல்லாரும் குடும்பத்தோட உக்காந்து பாருங்க!"

குஞ்சிதபாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. எந்த ரகசியம்? ஒன்றுதான் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். யோசிக்க யோசிக்க வரிசை நீண்டதே தவிர, பெரியது எதுவென்று தெரியவில்லை. பூனை சொல்லி ஊர் கேட்பதைவிட, தானே சொல்லிவிட்டால் உத்தமன் என்ற பேராவது மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை சுஹைனாவை வீட்டுக்கு வரச் சொன்னார்.

"இன்ஸ்டாவுல லைவ் ஆரம்பிச்சிருச்சு சார். பேசுங்க."

குஞ்சிதபாதம் கைகூப்பினார். கன்னத்துத் தீவு கேமராவில் பளிச்சென்று தெரிந்தது.

"மீசைப் பூனை சொன்ன எசமான் நான்தான். அது சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாததையும் நானே சொல்லிடுறேன். வடிவு, போன தை மாசம் உன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கலன்னேன்ல? நான் லீவே கேக்கல. நீ தச்சுக் குடுத்த ஊதாச் சட்டைய பஸ்ல மறந்துட்டேன்னு சொன்னேன். மறக்கல. சீட்டுல வச்சுட்டு இறங்கினேன்."

சுஹைனா செல்போனுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். "சார், போதும் சார்."

"இரும்மா. வடிவு, உங்கம்மா ஊருலேருந்து வந்தப்பெல்லாம் எனக்கு முதுகுவலி வந்துச்சே, அது..."

நடு முதுகில் நெய்யைச் சுடவைத்துத் தடவி ஒத்தடம் கொடுத்தவள் அந்த மாமியார்தான். அதையும் சொன்னார்.

லைவ் முடிந்தது. இதயங்கள் பறந்தன. 'இவரல்லவோ மனிதர்' என்று முன்பின் தெரியாத ஆயிரம் பேர் எழுதினார்கள். தெரிந்த ஒருத்தி மட்டும் மெஷின் முன்னால் அசையாமல் இருந்தாள்.

"பாத்தியா வடிவு, நானே சொல்லிட்டேன். இனிமே பூனைய வச்சு நீ..."

"எனக்கு இதுல ஒண்ணுகூடத் தெரியாதுங்க," என்றாள் வடிவாம்பாள். குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஊதாச் சட்டைக்கு ராத்திரி முழிச்சிருந்து பட்டனுக்குக் காஜா எடுத்தேன்."

"நடிக்காத. பூனைக்குக் குரல் குடுத்ததே நீதானே?"

வடிவாம்பாள் எழுந்தாள். மெஷினுக்கு உறை போட்டு மூடினாள்.

காலையில் அவள் கையில் பெட்டி இருந்தது. துரை ஒரு கூடையில் இருந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"தங்கச்சி வீட்டுக்கு. நான் கேட்டேன், எனக்கு லீவு கிடைச்சிருச்சு."

குஞ்சிதபாதம் வழிமறித்து நின்றார். அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் பதறியடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் இடுப்பில் ஒரு வெள்ளைப் பூனை. மூக்குக்குக் கீழே கச்சிதமாகக் கறுப்பு மீசை.

வடிவாம்பாள் கூடையை எட்டிப் பார்த்தாள். துரை உள்ளேதான் இருந்தது.

"சார், என் பேரு அல்லி. கோட்டுச்சேரியிலேருந்து வர்றேன். உங்க வீடியோவைப் பாத்து ஒரே அழுகையா வந்துருச்சு சார்," என்று மூச்சுவாங்கினாள் அந்தப் பெண். "மீசைப் பூனை இதுதான் சார், எசமான் எங்க வீட்டுக்காரரு, அந்தப் பெரிய ரகசியம் அவரு தலையில வைக்கிற விக்கு. உங்களப் பத்தி நாங்க ஒண்ணுமே சொல்லலியே சார்!"