தேய்ந்துபோன ஊசி

பிஸ்டலுக்குள் ஊசியைக் காணவில்லை.

கல்முனை நகைக்கடையின் பின்னறையில், பிஸ்டலைத் துண்டு துண்டாகக் கழற்றி மேசையில் பரப்பிவிட்டுக் காவலாளி ஸலாஹுதீன் வியர்த்துக்கொண்டிருந்தான். தோட்டாவின் பின்பக்கத்தில் குத்தி வெடிக்கவைக்கிற ஊசி அது. கழற்றும் விதத்தைக் காட்டிய கைபேசி வீடியோவில் பளிச்சென்று தெரிந்தது. இவனுடைய பிஸ்டலிலோ அது இருக்கவேண்டிய துளை காலியாகக் கிடந்தது.

காலையில் காப்பு வாங்க வந்த கந்தப்போடியால் வந்த வினை. ஸலாஹுதீனுக்கு ஒரு பழக்கம். தோட்டாக்களை எடுத்துவிட்டு, பிஸ்டலின் மேற்பாகத்தைப் பின்னால் இழுத்துச் 'சடக்'கென்று விடுவான். பிறகு விசையை 'டிக்'கென்று அமுக்குவான். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நாள் முழுக்க இழுத்து இழுத்து விடுவான். கந்தப்போடி முன்பு ஊர்காவல் படையில் இருந்தவர். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, வெறுந்துவக்க அப்பிடி இழுத்து விட்டா தேஞ்சு போகும். உள்ளுக்க இரிக்கிற ஊசியும் ஒருநாளைக்கு முறிஞ்சு விழும்."

"இது தானா இழுபடுற துவக்கு போடியார். சுடக்குள்ள இதவிட வேகமா இழுபடுமே. அப்ப தேயாதது என்ட கையாலயா தேயப்போகுது?"

"சுடக்குள்ள தோட்டா ஏறும், வேகம் கொஞ்சம் அடங்கும். வெறுமையா விட்டா இரும்புல இரும்பு அடிக்கும். பிறகு உன்ட விருப்பம்."

சிரித்து அனுப்பிவிட்டான். ஆனாலும் முதலாளி சப்ரி ஹாஜியார் நண்பகல் லுஹர் தொழப் போனதும் கழற்றிப் பார்த்தான். பார்த்திருக்கவே கூடாது.

அந்தப் பிஸ்டல்தான் அவனுடைய சோறும் மரியாதையும். போன நோன்புப் பெருநாளைக்கு முதல்நாள் கத்தியோடு பாய்ந்து வந்தவனின் நெஞ்சுக்கு நேரே இதை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றவன் ஸலாஹுதீன். ஹாஜியார் அப்போது கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இருந்தார். கள்ளன் இவன் கண்ணைப் பார்த்தான், ஓடிவிட்டான். அன்றிலிருந்து சொந்த ஊரான சாய்ந்தமருதில் இவன் 'துவக்குக் காக்கா', அதாவது துப்பாக்கி அண்ணன். ஹாஜியார் உடுத்த ஒரு சாரன் பரிசளித்தார். "துவக்குல பழுது வந்தா நீ வேற வேல பாத்துக்க" என்ற பழைய எச்சரிக்கையை மட்டும் திரும்பப் பெறவில்லை.

வியாழக்கிழமை துவக்குத் திருத்துகிற பிலிப்பு வருவார். வருடாவருடம் வந்து, திறந்து பார்த்து, "நல்லாத்தான் இரிக்கி" என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர். இந்த முறை அப்படிச் சொல்வாரா?

முறிந்த ஊசி கடைக்குள்தான் விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் குப்பையில் இருக்கும். நகைக்கடைக் குப்பையை யாரும் வீசுவதில்லை. பொன்தூள் கலந்திருக்குமென்று சாக்கில் சேர்த்து விற்பார்கள். ஸலாஹுதீன் பிஸ்டலைத் திரும்பப் பொருத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு, சாக்கைக் கொட்டித் தேத்தண்ணி வடியால் அரிக்கத் தொடங்கினான்.

"என்னடா அரிக்காய்?" தொப்பியோடு வாசலில் ஹாஜியார்.

"பல்லு ஹாஜியார். கட்டின பல்லு விழுந்திட்டு."

"வாயத் திற பாப்பம்."

திறந்தான். எல்லாப் பற்களும் பள்ளிப் பிள்ளைகள்போல வரிசையாக நின்றன.

"என்ட தங்கத் தூள்லயாடா கண் வெச்சாய்?"

அன்று மாலை ஹாஜியார் குப்பைச் சாக்கைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். துவக்கைக் கொடுத்து நம்புகிற மனிதர் குப்பையைக் கொடுத்து நம்பவில்லையே என்று ஸலாஹுதீனுக்கு நெஞ்சு கசந்தது.

மறுநாள் மதியம் பிஸ்டலைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்து, தங்கையின் புருஷன் பர்ஸானின் படகு எஞ்சின் பட்டறைக்கு ஓடினான்.

"மச்சான், நான் போட்டு எஞ்சின் திருத்துறவன். இது என்ன, மீனச் சுட்டுப் புடிக்கவா?"

"ஊசி ஒண்டு போட்டுத் தா. இல்லாட்டி என்ட வேல போயிரும்."

"வேல மட்டுமா? நாம துவக்குத் திருத்தின எண்டு வெளியில தெரிஞ்சா, ரெண்டு பேரையும் டிவில ஒரு கிழமைக்குக் காட்டுவானுகள்."

திட்டிக்கொண்டே ஏதோ ஒரு கம்பியைத் தேய்த்துப் போட்டுக் கொடுத்தான். சோற்றுப் பெட்டிக்குள் கிடந்த பிஸ்டல் மீனாணக் குழம்பாய் மணத்தது. அதைப் போக்க ஸலாஹுதீன் அத்தர் பூசினான்.

வியாழக்கிழமை பிலிப்பு வந்து பிஸ்டலை எடுத்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்ன காக்கா, துவக்கு பெருநாளைக்கா வெளிக்கிட்டிருக்கு?"

பிறகு திறந்தார். உள்ளே பார்த்தார். விரலால் தொட்டார். முகம் மாறியது. நிமிர்ந்து ஹாஜியாரைப் பார்த்தார்.

ஸலாஹுதீனால் தாங்க முடியவில்லை. "ஹாஜியார், என்ட பிழதான்! வெறுந்துவக்க இழுத்து இழுத்து விட்டு ஊசி முறிஞ்சு போச்சு. அதத்தான் அண்டைக்குக் குப்பையில தேடின. வல்லாஹி, தங்கத்துக்கு இல்ல. இப்ப புதுசு போட்டிரிக்கன். நல்லா வேல செய்யும்!"

ஹாஜியாருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது பயம். கத்திக்காரன் வந்த அன்றைக்குப்போலவே அவர் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே பதுங்கினார்.

"வேல செய்யுமா? நீ நாளைக்கு வர வேணாம். இப்பயே போ!"

"புதுசு போட்டதுதானே ஹாஜியார்! பழசு முறிஞ்சதுக்கு நான் என்ன..."

பிலிப்பு பழந்துணியில் கையைத் துடைத்தபடி குறுக்கிட்டார்.

"முறியிறதுக்கு ஊசி எங்க இருந்த? சுடுற துவக்கக் காவல்காரன்ட கையில குடுத்தா நித்திர வராது எண்டு, இந்த மனிசன் வேலைக்கு வந்த அண்டைக்கே அத என்னக் கொண்டு கழட்டுவிச்சது நீங்கதானே ஹாஜியார்?"