டீச்சரின் ஓவியத்தை நான் சரிசெய்த கதை

அடுத்தவர் ஓவியத்தை நான் கெடுத்தது ஒரே ஒரு முறைதான். என்னுடையவற்றைப் பலமுறை கெடுத்திருக்கிறேன். அதை யாரும் கேட்பதில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு பட்டறையில் பெயிண்ட் அடிப்பது என் வேலை. எங்கள் தொழிலில் பெயிண்ட் ஒரு சொட்டு வடிந்தாலும் மோட்டார் திரும்பி வந்துவிடும். தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். இருபது வருஷப் பழக்கம்.

நாற்பது வயதில் ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். சம்சாரமே கேட்டு ஓய்ந்துவிட்டாள்.) ஞாயிறுதோறும் காந்திபுரத்தில் ஸ்டெல்லா டீச்சர் நடத்தினார். என்னைவிடப் பத்து வயது சிறியவர். அவர் வரைவது அரூப ஓவியம். ஆள், மரம், மாடு எதுவும் இருக்காது. நிறம் மட்டும்தான். அது எனக்குப் பிடித்தது. மோட்டாரிலும் அப்படித்தானே.

ஒரு வருஷம் கற்றேன். "அண்ணா, அது போற போக்குல உடுங்க. தொடைக்காதீங்க" என்பார். சரி என்பேன். துடைப்பேன்.

அந்த வருஷம் டீச்சர் கண்காட்சி வைத்தார். என் படம் ஒன்றையும் மாட்டுவதாகச் சொன்னார். முதல் படம். சம்சாரம் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டாள்.

கண்காட்சியன்று காலையில் படங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி நான்தான் கொண்டுபோனேன். டீச்சர் பின்னால் வருவதாகச் சொன்னார். கூடத்தில் என் பெயர்ச் சீட்டு ஒட்டிய இடத்தில் என் படத்தை ஆணியில் மாட்டிவிட்டு, டீச்சருடைய பெரிய படத்தின் துணியை எடுத்தேன். அதுவரை நான் பார்க்காத படம். முழுக்கச் சிவப்பு. நடுவே நீலம் மேலிருந்து கீழே வடிந்து கிடந்தது.

வண்டியில் நிற்க வைத்ததால் வடிந்துவிட்டது, என் தப்பு என்று நினைத்தேன்.

பையில் பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் வாட்டர் பேப்பர் இருந்தது. தேய்த்தேன். படங்களோடு வந்த டீச்சரின் பெயிண்ட் பெட்டியிலிருந்தே சிவப்பு எடுத்துப் பூசினேன். கோடு இருந்த தடமே இல்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

டீச்சர் வந்தார். பார்த்தார்.

"அண்ணா, அந்தக் கோடு எங்கீங்க?"

"எடுத்துப்போட்டேனுங்க. வண்டியில வடிஞ்சுபோச்சாட்டம் இருக்குது."

"அது வண்டியில வடியலீங்ணா. நான் வடிய உட்டது."

"எதுக்குங்க?"

(இதை நான் கேட்டிருக்கக் கூடாது.)

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "படமே அதுதானுங்ணா. மீதியெல்லாம் அதுக்குத் தொணை."

திருப்பி வடிய வைக்கிறேன் என்று நீலத்தைக் கரைத்தேன். சொட்டு திரண்டு இறங்கப் பார்க்கும். அதற்குள் என் கை துணியோடு போய்விடும். நான் அனுப்பவில்லை. அதுவாகப் போனது. மூன்று முறை.

"போதுமுங்ணா" என்றார் டீச்சர். பெரிய படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பிறகு ஆணியிலிருந்து என் படத்தையும் கழற்றினார்.

"இந்த வருஷம் வேண்டாமுங்ணா. தொடைக்காம ஒண்ணு செஞ்சுட்டு வாங்க. மாட்டலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பத்து மணிக்குச் சம்சாரம் சொந்தங்களோடு வந்தாள். சுவரில் ஓர் ஆணி. அதன் கீழே என் பெயர்ச் சீட்டு.

"ஏனுங்க, பேரு இருக்குது. படத்தைக் காணோமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் சொன்னான்: "அக்கா, இதுதான் படமாட்டம் இருக்குது. இவங்க படத்துல ஒண்ணும் இருக்காது. நமக்குத்தான் புரியாது."

ஆணிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். பிறகு எல்லாரும் வரிசையாக எடுத்தார்கள். பெரியம்மா என் தோளைத் தட்டினார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. செவுரு சுத்தமா இருக்குது."

உண்மையை வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். மச்சினன் அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறான். வருகிறவர்களிடம், "எங்க மாமா வரைஞ்சதுலயே இதுதானுங்க பெஸ்ட்டு" என்கிறான்.

துடைக்காமல் இருக்க எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது வடிய விடுகிறேன். என் படங்களையும் மாட்டுகிறார்கள். ஆனாலும் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், சம்சாரம் என் வலது கையைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கிறாள். பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.