நீல டேப்பைப் பிய்த்தது நான்தான்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் அவசரமும் கலந்து அத்தைக்கு எழுதுவது,

இங்கே எல்லோரும் நலம். வலது மணிக்கட்டைத் தவிர நானும் நலம். மாடியில் இருக்கும் அத்தைக்குக் கடிதம் எதற்கு, பதினெட்டுப் படி ஏறி வந்து சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஏறலாம். ஏழாவது படி மட்டும் மிதித்தால் கத்தும், அதைத் தாண்டிவிடுவேன். ஆனால் உங்கள் கதவைத் தட்டினால் அப்பாவுக்குக் கேட்கும். போன் ஒன்பது மணிக்கே அவர் அலமாரிக்குள் போய்விட்டது. அதனால் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கதவிடுக்கில் செருகிவிடுவேன். வலது கை வலித்தால் இடது கைக்கு மாறுகிறேன், எழுத்து அங்கங்கே கோணுவது அதனால்தான், பயத்தால் அல்ல. சரி, கொஞ்சம் பயத்தாலும்தான்.

எனக்கு வேண்டியது மூன்று வரி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் என்று உங்கள் பெயர் அச்சடித்த தாள் வைத்திருக்கிறீர்களே, அதில். ஆறு மணிக்கு டியூட்டிக்குக் கிளம்பும்போது என் ஷூவுக்குள் வைத்துவிடுங்கள். எட்டு மணிக்கு பேண்ட் மாஸ்டர் இசை அறையைத் திறப்பார். நான் செய்திருப்பதைப் பார்ப்பார். சனிக்கிழமை போட்டியில் டிரம்ஸ் வாசிப்பது நானா, சும்மா நின்று கைதட்டப்போவது நானா என்பது அப்போதே முடிவாகிவிடும்.

என்ன செய்தேன் என்று சொல்வதற்குமுன் நெட்டையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் கோப்பை வாங்கிக் கொடுத்தவன். டிரம்ஸின் ஒவ்வொரு கால் இருக்கும் இடத்திலும் தரையில் நீல டேப் ஒட்டிவைத்தான், சிம்பல் தட்டைத் தாங்கும் கம்பியில் ஒன்று, ஸ்டூல் கம்பியில் ஒன்று. அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான், அவன் அளவு போகவில்லை. கூட்டுகிறவர்கூட டேப்பைச் சுற்றித்தான் கூட்டுகிறார். "சார், ஸ்டூலைக் கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?" என்று முதல் நாளே கேட்டேன். "கோப்பை வாங்கின செட்டிங்மா இது. கை வெச்சா அன்னைக்கே வேற ஆள். ஸ்டூல் எல்லாம் இறங்காது, வேணும்னா நீ வளந்துக்கோ" என்றார். சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து வாசித்தும் காட்டினார். அவருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அத்தனையும் கைக்கெட்டிய இடத்தில் இருந்தது. மூன்று மாதம் ஆயிற்று. நான் வளரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன். கால் பெடலுக்கு எட்டவில்லை என்று அம்மாவின் உயரமான செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன், இரண்டாவது பாட்டில் ஒரு செருப்பு பறந்துபோய் டிரம்பெட் வாசிப்பவன் முதுகில் விழுந்தது, அவன் அதிர்ந்துபோய் ஊதிய சுருதியை மாஸ்டர் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். செருப்பு வேண்டாம் என்று ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தேன், விழுந்துவிடாமல் இருக்கக் குச்சியையே பிடிமானமாக இறுக்கிப் பிடித்தேன், சிம்பல் ஒரு முழம் தள்ளி நிற்கிறதால் கையை நீட்டி மணிக்கட்டை மடக்கி அடித்தேன், அந்தக் குச்சியும் மேசைக்கால் கனம், பத்தாவது நாள் கை கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது, தைலம் தேய்த்துக்கொண்டேன், பக்கத்தில் புல்லாங்குழல்காரி தும்மித் தும்மியே ஒரு பாட்டை முடித்தாள், ராத்திரி சாப்பிடும்போது ஸ்பூனை இடது கையில் பிடித்தேன். அப்பா பார்த்துவிட்டார்.

"என்னம்மா இடது கை?"

"மூளைக்கு நல்லதுப்பா. ஸ்கூல்ல சொன்னாங்க."

மறுநாள் முதல் அப்பா இடது கையால் பல் தேய்க்கிறார். கண்ணாடி முழுக்க நுரை. அம்மா என்னைத்தான் முறைக்கிறாள்.

உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. ஊரிலுள்ள லிப்ட்டையெல்லாம் சோதித்துச் சோதித்து வீட்டுக்கும் அதே சட்டம் கொண்டுவந்துவிட்டார்: அடிபட்டால் இயந்திரத்தை நிறுத்து. இஸ்திரிப் பெட்டி அம்மாவின் விரலைச் சுட்டது, நாலு வருடமாக நாங்கள் கசங்கியே திரிகிறோம். சைக்கிள் என் முட்டியைத் தேய்த்தது, அது யார் வீட்டிலோ ஓடுகிறது. மணிக்கட்டு தெரிந்தால் டிரம்ஸும் அப்படித்தான். கையைக் காப்பாற்ற ஸ்டூலை நகர்த்தினால் மாஸ்டர் துரத்துவார், நகர்த்தாவிட்டால் கை போகும், கை போனால் அப்பா நிறுத்துவார். நான் எங்கேதான் உட்காருவது?

நேற்று ஒரு சோதனை செய்தேன். சமையலறையின் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, மணிக்கட்டு நேராக, பழைய ரப்பர் பாயில் ஒல்லியான மரக்கரண்டிகளால் வாசித்தேன். இறுக்கிப் பிடிக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, அடித்த குச்சி தானாகவே மேலே வருகிறது அத்தை! இத்தனை நாளும் வருகிறதை வரவிடாமல் அமுக்கி வைத்திருந்தவள் நான்தான். ஒரு மணி நேரம் ஆகியும் வலி கூடவில்லை. தப்பு என் கையில் இல்லை, என் கையைக் கொண்டுபோய் வைத்த இடத்தில் இருந்தது.

அதனால் இன்று சாயங்காலம் சிம்பல் துடைக்கிறேன் என்று சொல்லிப் பின்தங்கினேன். இசை அறை அலமாரியிலிருந்து டிரம்ஸ் முடுக்கும் சாவியை எடுத்துத் திருகுகளைத் தளர்த்தினேன். ஸ்டூலை நாலு விரல் இறக்கினேன், சிம்பலைத் தாழ்த்தினேன், டிரம்மைப் பக்கத்தில் இழுத்தேன். டேப் அத்தனையும் பிய்த்தாயிற்று. வாசலில் காவல் நின்ற கிளாரினெட்காரி, "குள்ளி, நாளைக்கு நீ செத்தடி" என்றாள்.

"செத்தாலும் முதுகை நிமித்தி உக்காந்துதாண்டி சாவேன்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது, அதை அவள் வெளியே சொல்ல மாட்டாள்.

ஆகவே நீங்கள் எழுத வேண்டியது: இந்தப் பெண்ணின் ஸ்டூல் இவள் உயரத்துக்கு இருக்க வேண்டும், குச்சி இவள் கைக்கு ஏற்ற கனத்தில் இருக்க வேண்டும், ஒரு நெட்டையனின் அகம்பாவத்துக்காக இவள் கையைப் பலி கொடுக்க முடியாது. மூன்றாவதை மருத்துவ மொழியில் மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது. நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஸ்டூல் மறுபடி ஏறாது.

மாமாவுக்கும், உங்களிடம் கைகால் நீட்ட வரும் நோயாளிகள் அனைவருக்கும் என் வணக்கம். எல்லோரும் நோகாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்,
ஸ்டூலை இறக்கியவள்.

பி.கு.: சாட்சிக்கு இருக்கட்டும் என்று டேப் துண்டுகளைக் கடிதத்தின் பின்னால் ஒட்டப்போனேன். ஸ்டூல் கம்பியில் இருந்தது மட்டும் தடியாக இருந்தது. நகத்தால் பிரித்தால் நீலத்துக்கு அடியில் ஒரு வெள்ளை டேப், அதில் பேனா எழுத்து: "இது மாஸ்டர் அவர் உயரத்துக்கு வெச்சது. என் முட்டி தாடைல இடிக்குது. முதுகு போச்சு. கேக்க பயமா இருக்கு. அடுத்து வர்ற ஆளுக்கு தைரியம் இருந்தா மாத்திக்கோ. நெட்டை." எழுதிவிட்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மேலே நீல டேப்பை ஒட்டி மூடியிருக்கிறான். கோப்பை வாங்கியவனுக்கே வலித்திருக்கிறது.

அவனைத் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரியும் வேண்டாம், மாஸ்டர் மேசையில் இந்தத் துண்டையே ஒட்டிவிட்டு ஸ்டூலில் போய் உட்காருகிறேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றதும் வாபஸ். தைலத்தைப் பூசி மூடினால் நானும் இன்னொரு நீல டேப்தானே. காலையில் இறங்கி வரும்போது ஏழாவது படியை நன்றாக அழுத்தி மிதியுங்கள். அப்பா எழுந்து வரட்டும். கையை நானே காட்டுகிறேன். நீங்கள் அவர் அக்காவாகப் பக்கத்தில் நின்றால் போதும்.