பொங்க மறுத்த பீர்

மொகோட்லாங் மலையூரில் நடந்த குதிரைப் பந்தயத்தில் என் குதிரை இரண்டாவதாக வந்தது. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்த ஆட்கள் குதிரையைப் பற்றி இரண்டே வார்த்தை பேசினார்கள். பிறகு என் மனைவி காய்ச்சிய சோளப் பீரைப் பற்றி ஆரம்பித்தார்கள். அதை நிறுத்தவே இல்லை.

"மாபோலோக்கோ கை வெச்சா பச்சைத் தண்ணிகூடப் பொங்கும்" என்றார் மொசாலா. முதலில் வந்த குதிரைக்குச் சொந்தக்காரர்.

குதிரை என்னுடையது. வீடு என்னுடையது. பாராட்டு மட்டும் அவளுக்கு. எங்கள் மகள் போலோக்கோ பிறந்த நாளிலிருந்து இந்த ஊர் என் மனைவியை மாபோலோக்கோ, அதாவது போலோக்கோவின் அம்மா, என்றுதான் கூப்பிடுகிறது. என்னை 'மாபோலோக்கோ வீட்டுக்காரர்' என்று கூப்பிடுகிறது. என் பெயர் மொகெதி. தபால்காரருக்குத் தெரியும்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"பீர் காய்ச்சறதெல்லாம் ஒரு வேலையா? மாவு, தண்ணி, முளை கட்டின சோளம், கொஞ்சம் பொறுமை. அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வாங்க. நானே காய்ச்சித் தரேன்."

மொசாலா வாயைத் துடைத்துக்கொண்டார். "நீங்க காய்ச்சும்போது மாபோலோக்கோ எங்க இருப்பாங்க?"

"பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துக்குவா."

"பொங்கலைன்னா?"

"பொங்கலைன்னா என் குதிரையை நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க."

என் குதிரைக்குப் பதிலாக என் நாக்கு ஓடியிருந்தால் அன்று முதலில் வந்திருக்கும்.

கூஜாவோடு வாசலில் நின்ற மாபோலோக்கோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. "நல்ல யோசனைங்க. எனக்கும் கொஞ்சம் ஓய்வு" என்றாள். இருபது வருடக் குடித்தனத்தில் அவள் என் யோசனையை நல்ல யோசனை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் அடுப்பைப் பற்றவைத்தேன். சோள மாவைக் கரைத்தேன். கஞ்சி காய்ச்சினேன். அவள் வெயிலில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். கஞ்சியை டிரம்மில் கொட்டி, முளைமாவைத் தூவி, பழைய பீரிலிருந்து எடுத்து வைத்த உறையைக் கையில் எடுத்தேன்.

"ஏங்க, கஞ்சி ஆறட்டும். அப்புறம் உறை ஊத்துங்க."

"ஆறிப்போனா எப்படிப் பொங்கும்? பாலைப் பாரு. சூடா இருக்கும்போதுதானே பொங்குது?"

அவள் மறுபடி நூற்க ஆரம்பித்தாள். "சரிங்க" என்றாள்.

ஆவி பறக்கிற கஞ்சியில் உறை முழுவதையும் ஊற்றினேன். மூடினேன். கையைத் தட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் திறந்து பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. டிரம்மின் மேல் காதை வைத்துக் கேட்டேன். நல்ல பீர் என்றால் உள்ளே முணுமுணுக்கும். இது பிரசங்கத்துக்கு நடுவில் தூங்குகிறவன் மாதிரி கிடந்தது. சர்க்கரை போட்டேன். தித்தித்தது. கலக்கினேன். எனக்குத்தான் நுரை தள்ளியது. கல்யாணத்துக்குப் போர்த்திக்கொண்ட என் கம்பளியை எடுத்து டிரம்முக்குச் சுற்றினேன்.

"உங்களுக்குக் குளிராதா?" என்றாள் அவள்.

"டிரம்முக்குக் குளிராம இருந்தா சரி. எனக்கென்னவோ முளையிலதான் கோளாறுன்னு தோணுது."

"முளை நல்ல முளைங்க. நானே அரைச்சது. மூளைதான்..."

"என்ன சொன்னே?"

"முளைன்னேன்."

பீர் பொங்கவில்லை. நான் பொங்கினேன். அவளிடம் மட்டும் யோசனை கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். குதிரைக்குப் புல் போடப் போவதாகச் சொல்லிவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாலிசேபோவின் வீட்டுக்கு நடந்தேன். அவளும் பீர் காய்ச்சி விற்பவள். பீர் தயார் என்று வாசலில் கொடி ஏறினால் பாதி ஊர் அங்கே நிற்கும். என் மனைவிக்கு உயிர்த் தோழியும்கூட. அது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

மாலிசேபோ வந்தாள். டிரம்மைத் திறந்து முகர்ந்தாள். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ந்தாத்தே, உறை ஊத்தும்போது கஞ்சி ஆறியிருந்துதா?" என்றாள். ந்தாத்தே என்றால் எங்கள் பக்கம் ஐயா.

நான் பதில் சொல்லுமுன் முற்றத்தில் மாபோலோக்கோ இருமினாள். மாலிசேபோ வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக அறையைச் சுற்றிப் பார்த்தாள். மாவுச் சாக்கால் அடைத்திருந்த ஜன்னலில் அவள் பார்வை நின்றது.

"குளிருதான் காரணம்" என்றாள். "உங்க பீர் விறைச்சுப்போய்க் கிடக்கு. அந்த ஜன்னல் வழியா பனியே உள்ள வருதே. நீங்க ஊத்தினது உறை. அது ஆனது உறைபனி."

"என்ன பண்ணணும்?"

"கண்ணாடி போடுங்க."

ஜன்னலுக்குக் கண்ணாடி போடச் சொல்லி மாபோலோக்கோ போன குளிர்காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் சொன்னது வீட்டுக்காக. இது பீருக்காக. அன்றே குதிரையேறிப் போய்க் கண்ணாடி வாங்கி வந்து போட்டேன். விரலை அறுத்துக்கொண்டேன்.

பொங்கவில்லை.

மாலிசேபோ மறுபடி வந்தாள். இந்தத் தடவை கதவைப் பார்த்தாள். கீல் கழன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த கதவு.

"இதுக்குக் கீழ நாயே நுழையும். காத்து நுழையாதா?"

"கதவை மாத்தினா பொங்குமா?"

"பொங்குமான்னு என்னைக் கேட்டா? பீரைக் கேளுங்க ந்தாத்தே. அதுக்குக் குளிருது."

கதவைக் கழற்றி, அடிப்பக்கம் பலகை அடித்து, புதுக் கீல் வைத்து மாட்டினேன். அடுத்தது அடுப்புப் புகைக்குழாய். கரி அடைத்திருந்ததால் அடுப்பு சூடாகவே இல்லையாம். கூரை மேல் ஏறி அதைக் குத்தினேன். இறங்கி வந்தபோது என் குதிரைக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. பிறகு சுவர் விரிசல். சாணமும் மண்ணும் குழைத்துப் பூச வேண்டும்.

"அது பொம்பளைங்க வேலையாச்சே" என்றேன்.

"பீர் காய்ச்சறதும்தான்" என்றாள் மாலிசேபோ.

பூசினேன். தெருவில் போன மொசாலா குதிரையை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

"என்ன, வீடு கட்டறீங்களா?"

"பீர் காய்ச்சறேன்."

அவர் குதிரையிலிருந்து இறங்கினார். லாயத்தில் நின்ற என் குதிரையின் பல்லை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.  அன்று ராத்திரி சோளக்களியும் கீரையும் என் தட்டிலேயே ஆறிப்போயின. அந்தக் குதிரை குட்டியாக இருந்தபோது என் கம்பளிக்குள் வைத்துப் பனியில் தூக்கி வந்தவன் நான். அதை மொசாலா லாயத்தில் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாபோலோக்கோ என் முகத்தைப் பார்த்தாள். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு மாலிசேபோ வீட்டுப் பக்கம் போனாள்.

மறுநாள் காலையில் மாலிசேபோ ஒரு பாட்டிலோடு வந்தாள். ஜன்னலைத் தட்டினாள். கதவைச் சாத்தித் திறந்தாள். சுவரைத் தடவினாள்.

"இப்பதான் அறை தயார். எங்க வீட்டு உறை கொஞ்சம் கொண்டுவந்திருக்கேன். கஞ்சியை இளஞ்சூடா மட்டும் வெச்சுக்கோங்க."

ஊற்றினாள். மத்தியானத்துக்குள் உள்ளே முணுமுணுப்பு கேட்டது. சாயங்காலம் மூடி தானாக எழுந்து நின்றது. நுரை டிரம்மில் வழிந்து, என் கல்யாணக் கம்பளியில் இறங்கி, தரையில் ஓடியது. நான் மண்டியிட்டு அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை நானே கொடியேற்றினேன். எல்லாரும் வந்தார்கள். மொசாலா கயிற்றோடு வந்திருந்தார். ஒரு வாய் குடித்தார். இரண்டாம் வாய் குடித்தார். கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "அட, வீடே கதகதன்னு இருக்கே!"

"என் வீட்டுக்காரர் கை வெச்சா எல்லாம் பொங்கும்" என்றாள் மாபோலோக்கோ, அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்தபடி. அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். நான் குவளையை வாயில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் காலையில் வாசலில் ஊர்ப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் மொசாலாவின் மனைவி.

"ந்தாத்தே மொகெதி, எங்க வீட்டுக்காரருக்கும் பீர் காய்ச்சக் கத்துக்குடுங்க."

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் நெஞ்சு நிமிர்ந்தது.

"தாராளமா! சோளம் முளை கட்டி வெச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு?" என்றாள் அவள். "ஜன்னல், கதவெல்லாம் எங்க வீட்டுல நல்லாத்தான் இருக்கு. கூரைதான் ஓட்டை. அவருக்குக் கூரையிலருந்து ஆரம்பிச்சுச் சொல்லிக்குடுங்க."