நாயனத்தோடு ஒரு கைப்பயிற்சி

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதலில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் கைவைத்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். இது தெரிந்தும் நைனா தன் கையை என்னிடம் ஒப்படைத்தார்.

எங்களுக்கு அப்பா என்றால் நைனா. பொதட்டூர்பேட்டை பஸ்ஸை ஆயுள் முழுக்க ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அந்தக் கையால் அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. தினமும் பயிற்சி செய்தால் நடக்கும் என்றார் பிசியோதெரபி மேடம். அரக்கோணத்திலிருந்து அடிக்கடி வர முடியாததால், பயிற்சிகளை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கோ பெங்களூரில் வேலை. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனைக் கூப்பிட்டு, கேமரா முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்துகாட்டினேன். “இப்போது வலது கையை உயர்த்துங்கள்” என்று செய்தி வாசிக்கிற தோரணையில் பேசினேன். சிடி தயாரானதும் வீட்டில் கொடுக்கச் சொல்லிவிட்டு ரயிலேறினேன். (இருந்து போட்டுப் பார்த்தேனா? நடித்ததே நான், எதற்குப் பார்க்க வேண்டும்?)

மார்கழியில் லீவில் வந்தபோது மேடமும் வந்திருந்தார். பெருமையாகச் சிடியைப் போட்டேன். ரோஜாப்பூக்கள் உதிர, திரையில் நான் வாயசைத்தேன். கேட்டது நாயனம். (வெறும் பேச்சு டல்லடிக்கிறது என்று நண்பன் வழக்கம்போல மங்கள இசை சேர்த்திருந்தான்.) நான் வலது கையைத் தூக்கினேன். எதிரில் உட்கார்ந்திருந்த நைனா, கண்ணாடி பார்ப்பதுபோல இடது கையைத் தூக்கினார்.

மேடம் முகம் மாறியது. “தெனமும் இந்தக் கையையா தூக்கிகினு இருந்தீங்க?”

“ஆங். புள்ள எந்தப் பக்கம் தூக்குறானோ அந்தப் பக்கந்தாம்மா.”

“நைனா, அது நல்லா இருக்கிற கை!” என்று கத்தினேன்.

“எனுக்கும் சந்தேகந்தான்டா. நீ படிச்சவன், எதுனா காரணமாத்தான் செஞ்சிருப்பன்னு நெனச்சுக்கினேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன்.

மிச்ச நாட்களில் எவ்வளவு முயன்றும் வலது கை மார்புவரைகூட ஏறவில்லை. முகூர்த்தத்தில் ஐயர் “வலது கையை நீட்டுங்கோ” என்றார். நைனா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, தங்கையின் கைக்கு அடியில் வைத்தார். நாயனத்துக்குப் பழகிய இடது கை அது. தாரை வார்த்து முடியும்வரை துளியும் நடுங்கவில்லை.

மணமேடையிலிருந்து இறங்கியதும் என்னிடம் சொன்னார்: “காரணம் இருக்கும்னு சொன்னேன் இல்ல?”

நைனா போய்ப் பல வருஷமாயிற்று. இப்போதும் ஆட்டோவில் போகும்போது நான் “வலது பக்கம் திரும்புங்க” என்றால், தங்கை என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்பாள்: “டிவியிலயா, நெஜத்துலயா?”