பூட்டு ஒரு மடலில், சாவி மறு மடலில்

உலகத்தில் எதையும் சிக்கலாக்குகிறவர்களைத் திட்டுவதற்கு ஊர் நிறைய ஆள் இருக்கிறது. எதையும் சுலபமாக்குகிறவர்களைத் திட்டத்தான் நாதியில்லை. அந்தத் திருப்பணியை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த இனத்துக்குச் ‘சுலபர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஜப்பானின் ஹிகாஷி ஒசாகாவில், சின்னப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் எங்கள் தெருக்களில், தடுக்கி விழுந்தால் ஒரு சுலபர் மேல்தான் விழவேண்டும்.

அடையாளம் கேட்கிறீர்களா? கையில் பருவத்துக்குத் தகுந்த இனிப்புப் பெட்டி இருக்கும். நுழையும்போதே குனிவார், உட்காரும்போது குனிவார், போனில் பேசும்போது எதிரே யாருமில்லாத சுவருக்கும் குனிவார். கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் கண்ணை மூடி, பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மூச்சை உள்ளே இழுத்து, நீங்கள் கேட்டது எவ்வளவு கஷ்டமான கேள்வி என்று உங்களையே வருந்தவைத்து, பிறகு கண்ணைத் திறந்து புன்னகைப்பார். “கவலையே வேணாம். சுலபமாக்கிட்டேன்.” அவ்வளவுதான். கேள்வி செத்தது.

எங்களுக்கு வாய்த்த சுலபர் குராமோச்சி சான் (‘சான்’ எங்கள் ஊர் மரியாதை ஒட்டு). நாங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்கிறவர்கள். எங்களைப் போன்ற பட்டறைகளின் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருப்பது அவருடைய கம்பெனியின் தொழில். எங்கள் பக்கத்தில் அதற்கென்று இருந்தது ஒரே ஆள், ஹொஷினா சான். கணக்குப் பிரிவில் நிம்மதியாக இருந்த பெண். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருநாள் உருவி எடுத்துவிட்டார் என்ற குற்றத்துக்காக, முதலாளி தெஷிமா சான் அவரையே கம்ப்யூட்டர் பிரிவு என்று அறிவித்துவிட்டார். விற்பனைப் பிரிவில் என் மேசை அவருக்கு எதிர் மேசை. ஆகவே எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

ஹொஷினா சான் ஒன்றும் சிக்கல் விரும்பியல்ல. “எனக்கும் சுலபமாத்தாங்க வேணும்” என்றுதான் ஆரம்பித்தார். “ஆளுக்கு ஒரு கடவுச்சொல் இருக்கட்டும். வரைபடங்களை ஒரு வட்டுல நகல் எடுத்ததும், அந்த வட்டைக் கம்ப்யூட்டர்லேந்து கழற்றித் தனியா வச்சிடலாம். சந்தேகமா ஒரு மின்மடல் வந்தா, திறக்கறதுக்கு முன்னாடி அனுப்பினவருக்கு ஒரு போன். இந்த மூணு போதும்.”

“ஸ்ஸ்ஸ்” என்றார் குராமோச்சி சான். “மூணா? ஜனங்க பயந்துடுவாங்க, ஹொஷினா சான்!”

மூன்றையும் அவர் சுலபமாக்கினார். ஆளுக்கொரு கடவுச்சொல் என்றால் மறந்துபோகும். மறந்தால் அவருக்குத்தானே போன் வரும்? எல்லாருக்கும் ஒன்றே. நகல் வட்டைக் கழற்றி மாட்டிக் கழற்றுவது தொல்லை. கழற்றவே வேண்டாம், எப்போதும் மாட்டியே கிடக்கட்டும். போன் எதற்கு? மடலை மரியாதையாக அனுப்பினால் சந்தேகமே வராதே! யாருக்குச் சுலபம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இனிப்பு நன்றாக இருந்தது.

மரியாதையான மடல் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோப்பைப் பூட்டி ஒரு மடலில் அனுப்புவோம். அதன் சாவியை, அதாவது அதைத் திறக்கும் கடவுச்சொல்லை, அடுத்த மடலில் அனுப்புவோம். எங்கே? அதே பெட்டிக்கு. முதல் மடலைத் திருடிப் படிக்கிறவன் இரண்டாவதைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. பூட்டிய கோப்புக்குள் வைரஸ் பிடிக்கும் மென்பொருளால் எட்டிப் பார்க்கவும் முடியாது. அதனால் என்ன? பூட்டாமல் அனுப்புவது சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் கூட்டத்துக்குப் போவது மாதிரி. இதையும் குராமோச்சி சான் விடவில்லை. முதல் மடல் போனதும் சாவி மடலை இயந்திரமே அனுப்பிவிடும்படி செய்து, பட்டறை பட்டறையாகப் பொருத்திக்கொடுத்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

மழைக்காலம் தொடங்கிய வாரம், குராமோச்சி சான் பெயரில் ஒரு மடல் வந்தது. மழையில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. பூட்டிய கோப்பு. கொஞ்ச நேரத்தில் சாவி மடல். ஒரு குறையும் இல்லை.

ஹொஷினா சான் மட்டும் முகம் சுளித்தார். “அவரு இந்த வாரம் எதுவும் அனுப்பறதா சொல்லலையே” என்று போனை எடுத்தார்.

“போனை வைம்மா!” முதலாளி தன் மேசையிலிருந்தே கத்தினார். “சாவியைக்கூடத் தனியா அனுப்பிருக்காரு மனுஷன். அவரைப் போய், ‘நீங்கதான் அனுப்பினீங்களா’ன்னு கேப்பியா? மானம் போயிடும்!”

“ஒரு நிமிஷந்தாங்க முதலாளி. கேட்டுடறேன்.”

“எதுக்கு இதெல்லாம்? தோ, நானே திறக்கறேன் பாரு.”

திறந்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. தேநீர் குடித்தோம். பிறகு சக்கர வரைபடங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. ஒரே கடவுச்சொல் என்பதால், கோப்புக்குள் ஒளிந்து வந்த திருடனுக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் தடையில்லை. நகல் வட்டும் மாட்டியே கிடந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனான். இந்தத் தடவை சாவி மடல் வரவில்லை. கடைசல் இயந்திரங்கள் நின்றன. அத்தனை வருஷமாக அந்தக் கொட்டகையில் கத்திக் கத்தியே பேசிப் பழகிய எங்களுக்கு, மெதுவாகப் பேசத் தெரியவில்லை.

குராமோச்சி சான் ஓடி வந்தார். இடுப்பு ஒடிகிற மாதிரிக் குனிந்தார். முதலாளியோடு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய் அங்கேயும் குனிந்தார். குனிவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்து, இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்வது என்று கூட்டம் கூட்டினார்கள்.

“காரணம் ரொம்பச் சுலபங்க” என்றார் குராமோச்சி சான். “பொறுப்பாளரோட விழிப்பு பத்தலை.”

பொறுப்பாளர் யார்? ஹொஷினா சான். திறந்தது யார்? அதைக் கேட்பது மரியாதையில்லை.

“நான் போன் பண்ணப் போனேன்” என்றார் ஹொஷினா சான். “முதலாளிதான் வேணாம்னாரு.”

முதலாளி சுவரில் தொங்கிய நாட்காட்டியை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க” என்றார் குராமோச்சி சான், மிகுந்த கனிவோடு. “உள்ள ஒரு ஆள், வெளிய நான். ரெண்டு பேர் இருந்தாலே குழப்பந்தான். எல்லாத்தையும் என்கிட்டயே விட்டுடுங்க. ஹொஷினா சானுக்கும் பாரம் குறையும்.”

அறை முழுக்கத் தலை ஆடியது. நான் வாயைத் திறந்திருந்தால் என்னையும் சுலபமாக்கியிருப்பார்.

ஹொஷினா சான் இப்போது கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நாடா ஒட்டுகிறார். கணக்குப் பிரிவிலும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எதிர் மேசையைத் துடைத்து, அதன்மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். எந்த மடல் வந்தாலும் இப்போது கேள்வியே எழுவதில்லை. வந்தால் திறக்கிறோம்.

உச்சுக்கொட்டுகிறீர்கள். நல்ல மனசு. ஆனால் அதோடு கூடவே, ‘இவ்வளவு நீட்டினியே, கடைசில என்ன செய்யணும்னு ஒரே வரியில சொல்லித் தொலையேன்’ என்று உங்கள் உதடு அசைவதும் எனக்குத் தெரிகிறது. ஐயா, அம்மா, அந்த ஒரே வரிக்காகத்தான் ஒரு மனுஷியைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். நாளைக்கு உங்கள் அலுவலகத்தில் யாராவது, “இருங்க, ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்” என்று எழுந்தால், உங்கள் வாயில் முதலில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். ‘எதுக்கு இதெல்லாம்’ என்று வந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். அடுத்து யாருடைய மேசையில் பூந்தொட்டி வைப்பார்கள் என்று நான் சொல்கிறேன். உங்களுடையதாக இருக்காது, பயப்படாதீர்கள்.