மூன்றாவது மாடி நெஞ்சுவலி

"ஆமாங்க, நெஞ்சு வலிதான். மூணாவது மாடி. கொஞ்சம் சீக்கிரம் வண்டியை அனுப்புங்க."

சமையலறையில் மனைவி போனில் இப்படிச் சொன்னது காதில் விழுந்ததும் நோட்டீஸ்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாப்பிட்டு எழுந்ததிலிருந்து நெஞ்சைக் கரிக்கிறது, நெஞ்சைக் கரிக்கிறது என்று அவர் வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது உண்மைதான். மூன்றாம் தடவையும் தட்டை நீட்டியவர் அவரேதான் என்பது வேறு விஷயம். ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற அளவுக்கா? முகத்தில் ஏதோ தெரிந்திருக்கிறது. கட்டினவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அந்த நொடியே வலி இரட்டிப்பானது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். வாசல், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி என்று கண் போன இடமெல்லாம் 'கூடாது' என்று ஒரு காகிதம் ஒட்டுவார். அதில் வந்த பட்டப்பெயர்தான் நோட்டீஸ்காரர். நேரில் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது.

"இவ்வளவு பெரிய விஷயத்தை முதல்ல என்கிட்ட சொல்லணும்னு தோணலியா உனக்கு?" என்று சமையலறைக்குள் பாய்ந்தார்.

மனைவி தரையில் சுவரோடு சாய்ந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் மாத்திரை.

"என்னங்க, நான்..."

"நீ பேசாதே! வண்டிக்காரங்க என்ன சொன்னாங்க, அதைச் சொல்லு."

அவள் பேச்சை முடிக்கிறவரைக்கும் அந்த வீட்டில் யாரும் காது கொடுத்ததில்லை. அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியிருந்தாள்.

"நடக்கக் கூடாதாம். சாஞ்சு உக்காரணுமாம். ஆஸ்பிரின் ஒத்துக்கும்னா ஒண்ணை மென்னு முழுங்கச் சொன்னாங்க."

"அப்புறம் அதைக் கையில வச்சுக்கிட்டு என்ன வேடிக்கை? நான் போய்ச் சேர்ந்தப்புறம் என் வாயில போடலாம்னு இருக்கியா?"

வெடுக்கென்று பிடுங்கி மென்றார். வீட்டில் இருந்த ஒரே ஒரு ஆஸ்பிரின் அது. உள்ளே போனதும் கரிப்பு இன்னும் ஏறியது.

"எந்திரி. சாஞ்சு உக்காரணும்னா நான் எங்கே சாயறது?"

கூடத்தில் சோபா இருந்தது. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த சுவர்தான் குளுகுளுவென்று இருந்தது. அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். எழுந்திருக்கவே இத்தனை நேரமா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசல் காவலாளியிடமிருந்து போன் வந்தது.

"சார், ஆம்புலன்ஸ் வந்திருக்கு. உங்க வீட்டுலேருந்து யாராச்சும் கீழே வந்து நோட்டுல கையெழுத்துப் போடணும்."

"முட்டாளே! இங்கே உயிர் போகுது. வண்டியை உள்ளே விடுடா!"

"வெளி வண்டியோ ஆளோ, கையெழுத்து இல்லாம உள்ளே வரக் கூடாதுன்னு நீங்கதானே சார் ஒட்டியிருக்கீங்க."

"நான்தான் இப்பச் சொல்றேனே!"

"யார் போன்ல சொன்னாலும் நம்பாதே, என் குரல்ல எவன் வேணும்னாலும் பேசலாம்னு போன வாரம் திட்டினீங்களே சார். வேலை போயிடும் சார் எனக்கு."

நோட்டீஸ்காரர் போனைத் தரையில் குத்தினார். காவலாளியைக் கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது. சட்டம் போட்டவனையே சட்டம் காட்டி மிரட்டுகிறான், பாருங்கள்!

"நீ போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வா."

"என்னால படி இறங்க முடியாதுங்க. லிப்ட்டைத் திறந்து விட்டீங்கன்னா..."

"மத்தியானம் நாலு மணி வரைக்கும் லிப்ட் கிடையாது. பசங்க ஏறி விளையாடுதுங்க."

"சாவி உங்க சட்டைப் பையிலதானே இருக்கு?"

"நான் போட்ட விதியை நானே மீறணுமா? நாளைக்கு எவன் மதிப்பான்? இங்கே ஒருத்தன் உயிர் ஊசலாடுது, உனக்குப் படி இறங்க வலிக்குதா?"

அவள் சுவரைப் பிடித்தபடி போனாள்.

அவள் ஒரு மாடி இறங்கியிருப்பாள். அவருக்குப் பழைய மருத்துவச் சீட்டுகளின் ஞாபகம் வந்துவிட்டது. மாடிப்படி அதிரக் கத்தி மேலே வரவழைத்தார்.

"என் பைல் எங்கே?"

அவள் வாயைத் திறந்தால் மூச்சுத்தான் வந்தது. அவர் தலைக்கு நேர் மேலே இருந்த அலமாரியைக் காட்டினாள்.

"எடுத்துக் கொடுத்துட்டுப் போ. கையைத் தூக்கக் கூடாது நான்."

எடுத்துக் கொடுத்தாள். அவள் நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வையில் பைலின் அட்டை நனைந்தது.

"ஈரம் பண்ணாதே! பேஷன்ட் நான், வேர்க்கிறது உனக்கா?" என்று எரிந்து விழுந்தார்.

மறுபடி இறங்கினாள். நோட்டீஸ்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் வாசலில் அவள் தலை தெரிந்தது. மேசையில் சாய்ந்தபடி கையெழுத்துப் போட்டாள்.

"கையெழுத்தா போடறே, கதை எழுதறியா?" என்று மேலிருந்து கத்தினார்.

பிறகு சுவரோரம் வந்து சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நோயாளிக்கு உண்டான முகத்தை வைத்துக்கொண்டார். இதோ வருவார்கள். வந்ததும் முதலில் தாமதத்துக்கு ஒரு பாட்டு விட வேண்டும். பிறகுதான் படுக்க வேண்டும்.

யாரும் வரவில்லை. கீழே கதவுகள் அறைந்து மூடும் சத்தம். சைரன் கிளம்பியது. கிளம்பி, தெருக்கோடியில் தேய்ந்து மறைந்தது.

நோட்டீஸ்காரருக்கு ரத்தம் கொதித்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்று மாடியும் இறங்கி, காவலாளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கொஞ்சம்கூட அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

"பேஷன்ட்டை விட்டுட்டு எப்படிடா வண்டி போகும்? எங்கே அவ? அந்தக் கழுதை என்னத்தைக் கையெழுத்துப் போட்டா?"

காவலாளி அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"பேஷன்ட்டை ஏத்திக்கிட்டுத்தான் சார் போனாங்க. அம்மா போன் பண்ணினதே தனக்காகத்தானாம்."